ஈயச் சொம்பில் இருப்பது எந்த ஈயம்? வீட்டுத் தண்ணீரில் காரீயத்தை அளக்கும் முறை

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் என் அண்ணன் மருமகள் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு துணிப்பொதியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து அவிழ்த்தாள். உள்ளே மங்கிய வெள்ளி நிறத்தில் ஓர் ஈயச் சொம்பு.

"பாட்டி எனக்கென்று எடுத்துவைத்தது, அத்தை. மூன்று வாரமாக இதில்தான் ரசம் வைக்கிறேன். பிள்ளையும் விரும்பிச் சாப்பிடுகிறான். இது நல்ல ஈயம்தானே?"

அவள் மகனுக்கு அப்போது இரண்டு வயது.

29 ஆண்டுகள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இருந்தும் அந்தக் கேள்விக்குப் பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. நம் மொழியில் ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. ஒன்று வெள்ளீயம். ரசச் சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்துக்கு உட்பூச்சு பூசுவதும் அதில்தான். மற்றொன்று காரீயம். அது நஞ்சு. விலை மலிவு, எளிதில் உருகும், வெள்ளீயத்தோடு நன்றாகக் கலக்கும். கலந்துவிட்டால் வெளித்தோற்றத்தில் காட்டிக்கொடுக்காது. புளியின் அமிலம் பட்டால் ரசத்தில் இறங்கும்.

சொம்புக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் குழாய்த் தண்ணீர். காரணம் எளியது: சொம்பில் ஊற்றும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், சொம்பிலிருந்து என்ன இறங்கியது என்று சொல்ல முடியாது.

கண்ணும் நாக்கும் உதவாது

குடிநீரில் காரீயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டி அளவு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். சிங்கப்பூரின் குடிநீர் விதிமுறையிலும் அதே அளவுதான். 50 மீட்டர் நீளமுள்ள ஒலிம்பிக் நீச்சல் குளத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய 2.5 மில்லியன் லிட்டர் தண்ணீர் இருக்கும். அவ்வளவு தண்ணீரில் 25 கிராம் காரீயம் கரைந்திருந்தாலே இந்த எல்லையைத் தொட்டுவிடும். அந்த அளவில் நிறம் இராது, வாடை இராது, சுவையும் இராது. கொதிக்கவைத்தால் காரீயம் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சமிருப்பதில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதிலும் சிறு பிள்ளைகளின் உடல், உட்கொண்ட காரீயத்தைப் பெரியவர்களின் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக ஈர்த்துக்கொள்ளும். இந்த அளவுவரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் காரீயத்துக்குக் கண்டறியப்படவில்லை. அதனால்தான் மூன்று வாரம் என்று அவள் சொன்னபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பலர் வீட்டில் டிடிஎஸ் பேனா இருக்கிறது. அதைத் தண்ணீரில் நனைத்து, எண் குறைவாக இருந்தால் நிம்மதி அடைகிறார்கள். அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று மட்டுமே பார்க்கிறது. உப்பு, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து ஒரே எண். அதன் மிகச் சிறிய படி லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். நாம் தேடுவது 10. காய்கறிக்கடைத் தராசில் ஒரு கடுகை நிறுப்பது போன்றது இது. காரீயத்துக்காக அந்தப் பேனாவை நம்பவே வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு எங்கள் புளோக்கில் வீடு வீடாக ஒரு விற்பனையாளர் வந்தார். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் வைத்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் அவருடைய வடிகட்டியின் தண்ணீர். உலோகக் கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். குழாய்த் தண்ணீர் சேறுபோலப் பழுப்பானது. "பாருங்கள், இவ்வளவு கன உலோகம்" என்றார். எதிர்வீட்டு அக்கா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பழுப்பு, கருவியின் இரும்புக் கம்பியே கரைந்து உண்டாகும் துரு. குழாய்த் தண்ணீரில் இயல்பாக உள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் கம்பி கரைகிறது. உப்பு நீக்கிய தண்ணீரில் மின்சாரம் பாயாததால் அது கரைவதில்லை. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கருவியை இறக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பானது. உங்கள் வீட்டுக்கு யாராவது இப்படி வந்தால் நீங்களும் அதையே கேளுங்கள்.

நிறம் மாறும் சோதனைத் தாள்கள் ஓரளவு பயன்படும். ஆனால் வாங்குமுன் உறையிலுள்ள நிற அட்டையைப் பாருங்கள். நான் வாங்கிய ஒன்றில் சுழியத்துக்கு அடுத்த நிறம் 20 மைக்ரோகிராம். தண்ணீரில் 15 இருந்தாலும் அந்தத் தாள் வெறுமையாகவே இருக்கும். பெரிய தவறைப் பிடிக்க அது போதும். 10 என்ற எல்லைக்கு அது போதாது.

தண்ணீரைப் பிடிக்கும் விதம்

பிடிக்கும் விதத்தில் தவறினால் பிறகு எவ்வளவு நல்ல கருவியாலும் பயனில்லை. காரீயம் பெரும்பாலும் நீர்த்தேக்கத்திலிருந்தோ சுத்திகரிப்பு ஆலையிலிருந்தோ வருவதில்லை. கட்டடத்துக்குள் இருக்கும் கடைசிச் சில மீட்டர்களில் சேர்கிறது: பித்தளைக் குழாய்த் தலை, இணைப்பு, உலோகத்தை உருக்கிப் பற்றுவைத்த இடம். 2015இல் ஹாங்காங்கின் கை சிங் பொதுக் குடியிருப்பில் குடிநீரில் காரீயம் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நகரத்துக்கு வந்த தண்ணீரில் குறை இல்லை. செப்புக் குழாய்களை இணைக்கக் காரீயம் கலந்த பற்று பயன்படுத்தப்பட்டிருந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வாழும் நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள குழாயைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

ஆகவே தண்ணீர் குழாயில் தேங்கி நின்ற பிறகு பிடிக்க வேண்டும். இரவு படுக்கப் போகுமுன் சமையலறைக் குழாயை மூடிவிடுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் திறக்கக் கூடாது. காலையில் காப்பிக்குத் தண்ணீர் பிடிக்குமுன் மூன்று பாட்டில்கள். முதல் பாட்டிலில் முதல் 250 மில்லிலிட்டர். ஒரு சொட்டும் சிந்தாமல் பிடியுங்கள். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 180 மில்லிலிட்டர் தண்ணீர் நிற்கும் என்பதால், இந்த முதல் பாட்டிலில் இருப்பது குழாய்த் தலையிலும் அதை ஒட்டிய சிறு இணைப்பிலும் இரவெல்லாம் நின்ற தண்ணீர். அடுத்த ஒரு லிட்டர் இரண்டாவது பாட்டிலில். அது சுவருக்குள் ஐந்தாறு மீட்டர் தொலைவுவரை உள்ள குழாயின் தண்ணீர். பிறகு மூன்று நிமிடம் திறந்துவிட்டு மூன்றாவது பாட்டில். திறந்துவிடும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றுங்கள், வீணாக்க வேண்டாம்.

இந்த மூன்றையும் ஒப்பிட்டாலே குறை எங்கே என்று தெரிந்துவிடும். முதல் பாட்டிலில் மட்டும் காரீயம் இருந்தால் குழாய்த் தலையை மாற்றினால் போதும்.

பாட்டில்கள் புதிய பிளாஸ்டிக் பாட்டில்களாக இருக்கட்டும். முதல் நாள் இரவு வெள்ளை வினிகரை நிரப்பி வைத்து, காலையில் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். குழாய் நுனியிலுள்ள வலைச் சல்லடையைக் கழற்றாதீர்கள். நீங்கள் தினமும் குடிக்கும் தண்ணீர் அதன் வழியாகத்தானே வருகிறது. வெந்நீர்க் குழாயை விட்டுவிடுங்கள். தண்ணீரை வழக்கமாகத் திறக்கும் வேகத்திலேயே திறங்கள், மெல்லிய தாரையாக விட வேண்டாம்.

மின்முனை என்னும் உண்டியல்

நான் வீட்டில் பயன்படுத்துவது கைபேசி அளவிலான ஒரு மின்வேதிக் கருவி. அதில் செருகும் மின்முனைப் பட்டை, சர்க்கரை நோயாளிகள் இரத்தத்தை அளக்கும் பட்டையைவிடச் சற்றே பெரிது. நுனியில் கரியால் அச்சிட்ட ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுற்றி இன்னொரு கரி வளைவு, பக்கத்தில் வெள்ளிப் பொட்டு. வேலை நடப்பது அந்தக் கறுப்பு வட்டத்தில்தான்.

உண்டியலில் காசு சேர்த்துப் பிறகு கொட்டி எண்ணுவது போன்ற வேலை இது. தண்ணீரில் உள்ள காரீயம் மிகக் குறைவு, நேரடியாக எண்ண முடியாது. அதனால் கரி வட்டத்துக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்து இரண்டு நிமிடம் வைத்திருக்கிறோம். கரைந்திருக்கும் உலோகங்கள் ஒவ்வொன்றாக வந்து அதன்மேல் படிகின்றன. பிறகு மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்துகிறோம். ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் கழன்று மீண்டும் தண்ணீருக்குள் போகிறது. போகும்போது ஒரு மின்னோட்டத்தைக் கொடுக்கிறது. திரையில் அது ஒரு முகடாகத் தெரியும். முகடு எந்த இடத்தில் என்பது எந்த உலோகம் என்று சொல்லும். உயரம் எவ்வளவு என்பது எத்தனை மைக்ரோகிராம் என்று சொல்லும்.

இதன் வேர் பழையது. 1922இல் பிராக் நகரில் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி சொட்டும் பாதரசத்தை மின்முனையாக வைத்துத் தொடங்கிய ஆய்வு அது. 1959இல் அதற்காக அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நான் வேலையில் சேர்ந்தபோதும் பாதரசத்தோடுதான் பழகினேன். நஞ்சை அளக்க இன்னொரு நஞ்சு என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. 2000இல் ஜோசப் வாங் குழுவினர் பாதரசத்துக்குப் பதிலாக பிஸ்மத் படலத்தைப் பயன்படுத்திக் காட்டினார்கள். பிஸ்மத், வயிற்றுக் கோளாறு மருந்துகளில் சேரும் உலோகம். இன்று வீட்டு மேசையில் இந்தச் சோதனையைச் செய்ய முடிவது அதனால்தான்.

கருவி சில நூறு வெள்ளியிலிருந்து கிடைக்கிறது. நான்கைந்து குடும்பங்களோ ஒரு சமூகத் தோட்டக் குழுவோ சேர்ந்து வாங்குவது நல்லது. தனி ஒருவர் ஒரே ஒரு முறை சோதிக்க இது தேவையில்லை, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே மலிவு.

அளக்கும் நாள்

சமையலறையில் செய்யாதீர்கள். நான் துணி துவைக்கும் இடத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு, அதன்மேல் புதிய பிளாஸ்டிக் விரிப்பு விரித்துக்கொள்கிறேன். கையுறை, கண்ணாடி கட்டாயம். பிள்ளைகள் அருகில் வரக் கூடாது.

தேவையானவை: மிகச் சிறு அளவுகளை எடுக்கும் மைக்ரோபிப்பெட், காய்ச்சி வடித்த தண்ணீர், லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்று செறிவு துல்லியமாகத் தெரிந்த காரீய, பிஸ்மத் நியமக் கரைசல்கள், அமிலத்தன்மையை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசல். தாங்கல் கரைசலை நானே கலக்குகிறேன். மூன்று நீர்மூலக்கூறுகள் கொண்ட சோடியம் அசெட்டேட் 4.8 கிராம், செறிந்த அசெட்டிக் அமிலம் 3.7 மில்லிலிட்டர், மொத்தம் 100 மில்லிலிட்டர் ஆகும்வரை காய்ச்சி வடித்த தண்ணீர். பிஎச் 4.5க்கு அருகில் வரும். செறிந்த அமிலம் தோலைச் சுடும், ஆகவே பழக்கமில்லாதவர்கள் கலந்து விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள்.

காரீய நியமக் கரைசலில் 0.1 மில்லிலிட்டர் எடுத்து 100 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். இதுதான் கைக்கரைசல். இதை அன்றன்றைக்குத் தயாரியுங்கள். பெயர், தேதி எழுதி ஒட்டாமல் ஒரு பாட்டிலையும் மேசையில் வைக்காதீர்கள்.

சிறு குவளையில் சோதிக்க வேண்டிய தண்ணீர் 9 மில்லிலிட்டர், 1 மில்லிலிட்டர் தாங்கல் கரைசல், 5 மைக்ரோலிட்டர் பிஸ்மத் நியமக் கரைசல். மின்முனையை நனைத்து, மைனஸ் 1.2 வோல்ட்டில் 120 விநாடி, கலக்கிக்கொண்டே. பிறகு கலக்குவதை நிறுத்தி 15 விநாடி அமைதி. அதன்பின் மைனஸ் 1.2இலிருந்து மைனஸ் 0.2 வரை சதுர அலை முறையில் வருடல், அதாவது மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளோடு படிப்படியாக உயர்த்துவது. கடைசியில் பிளஸ் 0.3 வோல்ட்டில் 30 விநாடி வைத்துக் கழுவிவிடுங்கள். இரண்டு நிமிடப் படிவுக்குப் பிறகு பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மை போன்ற கறுப்பு வட்டத்தின் மேல் விபூதியை ஒரு விரலால் இழுத்ததுபோல மெல்லிய சாம்பல் நிறம் தெரியும். அதுதான் பிஸ்மத் படலம். அது திட்டுத்திட்டாக இருந்தால் பட்டை கெட்டுவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

காரீயத்தின் முகடு மைனஸ் 0.55 வோல்ட்டுக்கு அருகில் வரும், இன்னொரு நச்சு உலோகமான காட்மியத்தினுடையது மைனஸ் 0.8க்கு அருகில். வெள்ளிப் பொட்டைப் பொறுத்தும் தண்ணீரின் உப்பைப் பொறுத்தும் இந்த இடங்கள் சற்று நகரும். ஆகவே இடத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இனி நான் சொல்வதை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. குழாய்த் தண்ணீரை அளக்குமுன் வெற்று மாதிரியை அளக்க வேண்டும். குழாய்த் தண்ணீருக்குப் பதிலாகக் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றவை எல்லாம் அப்படியே. இதில் முகடு வரக் கூடாது. வந்தால் காரீயம் உங்கள் பாட்டிலிலோ கரைசலிலோ கையிலோ இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை எங்கள் கூடத்தில் வெற்று மாதிரியிலேயே பெரிய முகடு வந்தது. இரண்டு நாள் தேடினோம். பிப்பெட் நுனிகளை வைத்திருந்த தட்டுக்கு மேலே சுவரில் பழைய பெயின்ட் உரிந்துகொண்டிருந்தது. அந்தத் தூள்தான். அந்த இரண்டு நாள் அறிக்கைகள் வெளியே போயிருந்தால் எத்தனை வீடுகளில் தூக்கம் கெட்டிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அடுத்து, தெரிந்த அளவைச் சேர்த்துப் பார்ப்பது. மருமகள் வீட்டு முதல் பாட்டிலை வைத்தே கணக்கைக் காட்டுகிறேன். வெற்று மாதிரியின் முகடு 0.1 மைக்ரோஆம்பியர். அவள் வீட்டுத் தண்ணீரின் முகடு 1.0. வெற்றைக் கழித்தால் 0.9. அதே குவளையில் கைக்கரைசல் 0.1 மில்லிலிட்டர் சேர்த்தேன், அதாவது லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடியது. முகடு 2.8 ஆனது. இன்னொரு 0.1 சேர்த்தேன், 4.6. ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும் 1.8 வளர்கிறது. அப்படியானால் 0.9க்கு 5 மைக்ரோகிராம். 9 மில்லிலிட்டர் தண்ணீரை 10 ஆக்கியிருந்தோம் அல்லவா, அதை ஈடுகட்டினால் 5.6.

இந்த வழி ஏன் என்று கேட்பீர்கள். கருவியோடு வரும் அட்டவணையைப் பார்த்து நேராக எண்ணைச் சொல்லிவிடலாமே? கூடாது. பித்தளைக் குழாயிலிருந்து செம்பும் சேர்ந்து வரும். செம்பு அதிகமானால் பிஸ்மத் படலத்தில் இடம் பிடித்துக் காரீயத்தின் முகட்டை அமுக்கிவிடும். அட்டவணை 5.6ஐ 2 என்று சொல்லும். நீங்களும் நம்பிவிடுவீர்கள். தெரிந்த 10 மைக்ரோகிராமை அதே தண்ணீரிலேயே சேர்க்கும்போது அதுவும் அதே அமுக்கத்துக்கு ஆளாகும். அதனால் கணக்கு நேராகிறது. வளரும் முகடு காரீயத்தினுடையதுதான் என்பதும் அப்போதே உறுதியாகும். சேர்த்தும் முகடு வளரவில்லை என்றால் அந்த அளவீடு செல்லாது. தண்ணீரைப் பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து, புதிய பட்டையில் மீண்டும் தொடங்குங்கள்.

அவள் வீட்டு இரண்டாவது, மூன்றாவது பாட்டில்களில் முகடு வெற்று மாதிரியின் அளவுக்கே இருந்தது. ஆக, காரீயம் குழாய்த் தலையிலிருந்துதான். அது புதிதாகப் பொருத்திய பித்தளைத் தலை. புதுப் பித்தளை முதல் சில வாரங்களில் சற்று அதிகமாகவே விடும். காலையில் ஒரு நிமிடம் திறந்துவிட்டுப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து அளந்தபோது 2க்குக் கீழே வந்திருந்தது.

இந்தச் சோதனை கரைந்த காரீயத்தை மட்டுமே பார்க்கும். துணுக்காக மிதப்பதைப் பார்க்காது. ஆகவே உங்கள் அளவீடு எல்லையில் பாதியைத் தாண்டினாலே, எஸ்ஏசி-சிங்லாஸ் (சிங்கப்பூரின் ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். அமிலம் சேர்த்த பாட்டிலை அவர்களே தருவார்கள். "மொத்தக் காரீயம்" என்று கேட்டுக் கொடுங்கள். முடிவு 10ஐத் தாண்டினால் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள், பிள்ளைகளுக்கு அந்தக் குழாய்த் தண்ணீரை அன்றே நிறுத்துங்கள்.

காட்மியம் இதே வருடலில் தெரிந்துவிடும். ஆர்செனிக், பாதரசம் இரண்டுக்கும் பிஸ்மத் உதவாது, தங்க மின்முனை வேண்டும். அதை வீட்டில் செய்யும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை.

வேலை முடிந்ததும் மிஞ்சிய கரைசல்களைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், செடிக்கும் ஊற்றாதீர்கள். ஒரே பாட்டிலில் சேர்த்து, நஞ்சுக் கழிவை ஏற்கும் ஆய்வுக்கூடத்திடம் ஒப்படையுங்கள்.

சொம்பு

தண்ணீர் தெளிந்துவிட்டது. இப்போது சொம்பை எடுக்கலாம். இதே மின்முனையால் இதையும் அளந்துவிடலாம் என்று அவள் ஆவலாக இருந்தாள். அங்கேதான் இந்தக் கருவி கைவிடுகிறது. வெள்ளீயமும் காரீயமும் மின்முனையிலிருந்து கழலும் மின்னழுத்தங்கள் ஏறக்குறைய ஒன்றே. முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மொழியில் ஒரே பெயர், திரையிலும் ஒரே இடம். வெள்ளீயச் சொம்பில் ஊறிய தண்ணீரை இதில் அளந்து காரீயம் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் சமையலறைத் தராசால் ஒன்று செய்யலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், காரீயத்தினுடையது 11.3. முதலில் சொம்பை உலர்வாக நிறுத்தோம், 612 கிராம். பிறகு ஒரு பெரிய கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கினோம். சொம்பின் கழுத்தில் மெல்லிய நூலைக் கட்டி, தண்ணீருக்குள் முழுதும் அமிழும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிட்டாள். நான் உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்களை விரலால் தட்டி வெளியேற்றினேன். தராசு காட்டிய கிராம்தான் சொம்பு உலோகத்தின் கன அளவு. சுத்த வெள்ளீயம் என்றால் 84 காட்ட வேண்டும்.

78 காட்டியது. மூன்று முறை செய்தோம். 78, 78, 79.

612ஐ 78ஆல் வகுத்தால் 7.85. கலந்திருப்பது காரீயம் என்றால், எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. செம்பு கலந்தாலும் அடர்த்தி கூடும் என்பது உண்மைதான். அதனால் இதையே தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் அந்த நிமிடமே ரசத்தை நிறுத்த அது போதும். மாறாக 84 வந்திருந்தாலும் சொம்பு நல்லது என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். நூற்றுக்கு ஒரு பங்கு காரீயம் இருந்தால் அடர்த்தி 7.3ஐ விட்டு நகராது, தராசால் அதைக் காண முடியாது. புளிக்கு அந்த ஒரு பங்கே போதும்.

உறுதி செய்ய, பாத்திரங்களுக்கென்றே உள்ள முறையைப் பின்பற்றினோம். 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் 24 மணி நேரம், அறை வெப்பத்தில். 5 விழுக்காடு என்று அட்டையில் எழுதியிருக்கும் வெள்ளை வினிகர் நான்கு பங்கு, காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 4 வரும். சொம்பை நிரப்பி மூடி வைத்தோம். அதே கலவையை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலிலும் வைத்தோம், அதுதான் வெற்று மாதிரி. மறுநாள் இரண்டையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தோம். அவர்கள் பயன்படுத்தும் நிறமாலைக் கருவி அணுக்களை எடையால் பிரிக்கும். வெள்ளீயத்தின் அணுக்களில் மிகுதியானவை 118, 120 என்ற எடையில், காரீயத்தினவை 206, 207, 208இல். அங்கே இரண்டும் ஒன்றாகத் தோன்ற வழியே இல்லை.

முடிவு வந்தது. தண்ணீரில் நாம் மைக்ரோகிராமில் தேடிய காரீயம், அந்த வினிகரில் மில்லிகிராமில் இருந்தது. வெற்று மாதிரியில் எதுவும் இல்லை.

பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போய் இரத்தத்தில் காரீயத்தை அளக்கச் சொன்னேன். இது உங்களுக்கும் நேர்ந்தால் தயங்காமல் கேளுங்கள், எத்தனை நாள் எவ்வளவு சாப்பிட்டான் என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள். இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அவனுக்கு அதற்குக் கீழேதான் இருந்தது. மூன்று மாதம் கழித்து மீண்டும் எடுத்தபோது இன்னும் குறைந்திருந்தது.

சொம்பைத் தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டியின் கை பட்டது. நானும் வற்புறுத்தவில்லை. சொம்பைக் கவிழ்த்து, அடியில் அழியாத மையால் பெரிய எழுத்தில் எழுதினேன்: "காரீயம் கலந்தது. சமைக்க வேண்டாம்." கீழே தேதியும் 7.85 என்ற எண்ணும். இப்போது அது பிள்ளைக்கு எட்டாத மேல்தட்டில் இருக்கிறது. ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கிறது.